ஆட்டம் எடிட்டர் நின்றுபோன பிறகு: பல்சர் எப்படி இருக்கிறது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல் எழுத உதவும் ஆட்டம் (Atom) எடிட்டரை வருடக்கணக்கில் தன் கைக்கு ஏற்றபடி மாற்றி மாற்றி வைத்திருந்தவர்களுக்கு, அதன் நிரலை எடுத்துத் தன்னார்வலர்கள் தொடர்ந்து நடத்தும் பல்சரைப் போல வேறொரு இடம் கிடையாது, தயங்காமல் போகலாம். ஆட்டம் பக்கமே வராதவர், இப்போதுதான் ஒரு எடிட்டர் தேடுகிறார் என்றால் பல்சரை நான் முதலில் சொல்ல மாட்டேன். இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். அதைச் சொல்வதற்கு முன்னால் ஆட்டம் எப்படிப் போனது, அதை நம்பியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பல்சர் பிறந்ததே அங்கேதான்.

நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் எடிட்டரை 2014 பிப்ரவரியில் வெளியிட்டது, அதே வருடம் மே மாதம் முழு நிரலையும், யாரும் எடுத்து மாற்றிக்கொள்ள விடும் எம்ஐடி லைசென்ஸில் திறந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்ட், சிஎஸ்எஸ் தெரிந்தவர் யாராக இருந்தாலும் எடிட்டரின் உள்ளே புகுந்து எதையும் மாற்றலாம் என்பதுதான் அதன் பெருமை. அதற்காகக் கட்டிய அடித்தளத்துக்கு முதலில் ஆட்டம் ஷெல் என்று பெயர், 2015-இல் அது எலக்ட்ரான் ஆனது. இன்றைக்கு டிஸ்கார்ட், ஸ்லாக் என்று நாம் திறந்து வைத்திருக்கும் எத்தனையோ டெஸ்க்டாப் ஆப்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன. மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஎஸ் கோடும் அதன் மேல்தான் ஓடுகிறது. 2018-இல் மைக்ரோசாஃப்ட் கிட்ஹப்பை வாங்கியபோதே பலருக்கு வயிற்றைக் கலக்கியது, ஒரே வீட்டில் இரண்டு எடிட்டர் எதற்கு என்ற கேள்வி தானாக வந்துவிடும் அல்லவா. ஆட்டம் தொடரும் என்றுதான் அப்போது சொன்னார்கள். 2022 ஜூன் 8 அன்று, நிறுத்தப் போகிறோம், இனி விஎஸ் கோடிலும், இணையத்திலேயே நிரல் எழுத விடும் கோட்ஸ்பேஸஸிலும் கவனம் செலுத்தப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 15-ஆம் தேதி ரெப்போக்கள், அதாவது நிரல் இருக்கும் கிடங்குகள், எல்லாம் பூட்டப்பட்டன.

அந்த அறிவிப்பிலேயே ஒரு வரி இருந்தது: சில வருடங்களாகவே பராமரிப்பையும் பாதுகாப்பு அப்டேட்டுகளையும் தவிர பெரிய வசதி எதுவும் சேர்க்கப்படவில்லை என்று. அது உண்மைதான், கவனித்து வந்தவர்களுக்கு முன்பே தெரியும். ஒரு கருவி நிறுத்தப்படும் நாள் என்பது அறிவிப்பு வரும் நாள் கிடையாது, அதற்கு வெகு முன்னாலேயே பேக்கேஜ், அதாவது எடிட்டரில் சேர்க்கும் கூடுதல் வசதி, எழுதுபவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். ஃபேஸ்புக் ஆட்டம் மேல் கட்டியிருந்த நியூக்ளைட் 2018 இறுதியிலேயே கைவிடப்பட்டது. ஜூலியா என்ற நிரல் மொழிக்காரர்களின் ஜூனோ, ஆட்டத்துக்காகவே உழைத்து உருவாக்கிய அழகான சூழல், அதன் குழுவும் 2020-இல் விஎஸ் கோட் பக்கம் போய்விட்டது. நீங்கள் இப்போது பயன்படுத்தும் கருவி நிலைக்குமா என்று தெரிய வேண்டுமானால் நிறுவனத்தின் பேச்சை விட்டுவிட்டு, உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நாலைந்து பேக்கேஜ்களை எழுதியவர்கள் இப்போது எங்கே கோடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், அதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியாது.

சரி, நிறுத்திவிட்டார்கள். அப்புறம் மக்கள் என்ன செய்தார்கள்?

பெரும்பாலானவர்கள் விஎஸ் கோடுக்குப் போனார்கள், அதில் தப்பே இல்லை. ஆட்டத்தின் ஷார்ட்கட் எல்லாம் அப்படியே வேலை செய்ய ஒரு கீமேப் இருக்கிறது, ஆட்டத்தின் ஒன் டார்க் வண்ணத் தீம் இருக்கிறது, ஒரு மத்தியானத்தில் வீடு மாறிவிடலாம். ஆனால் போனவர்களில் ஒரு பகுதியினருக்கு அங்கே ஏதோ கை கட்டப்பட்ட மாதிரி இருந்தது. அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன்கள் (அங்கே பேக்கேஜுக்கு அதுதான் பெயர்) எடிட்டரிலிருந்து பிரிந்து தனி புராசஸில் ஓடும், எடிட்டரின் திரையை நேரடியாகத் தொட அவற்றுக்கு அனுமதி கிடையாது, கொடுத்திருக்கும் வாசல் வழியாக மட்டும்தான் பேச முடியும். ஆட்டத்தில் பேக்கேஜ் எடிட்டரோடு ஒரே இடத்தில் ஓடும், எதை வேண்டுமானாலும் மாற்றும். விஎஸ் கோட் வேகமாகவும் நிலையாகவும் இருப்பதற்கும், ஆட்டம் சில நேரம் மூச்சு வாங்கியதற்கும் அடியில் இருப்பது இந்த ஒரே முடிவுதான். நம்மில் பலர் ஆட்டத்தின் மெதுவைத் திட்டிக்கொண்டே அதன் சுதந்திரத்தை நேசித்தோம், இரண்டும் ஒரே வேரில் இருந்து வந்தவை.

இன்னொரு கூட்டம் எங்கும் போகவில்லை. இருக்கிற பதிப்பு ஓடுகிறது, ஓடுகிறவரை ஓடட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இந்த மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது, ஆனால் அதன் ஆபத்து இரண்டே மாதத்தில் தெரிந்துவிட்டது. 2022 டிசம்பரில் கிட்ஹப்பின் சில ரெப்போக்களுக்குள் வெளியாள் யாரோ நுழைந்து, இது அசல் ஆட்டம்தான் என்று கையெழுத்திடும் சான்றிதழ் ஒன்றையும் நகலெடுத்துவிட்டார்கள். அது கடவுச்சொல் போட்டுப் பூட்டியதுதான், யாரும் தவறாகப் பயன்படுத்தியதாகத் தடயம் இல்லை, ஆனாலும் முன்னெச்சரிக்கையாக 2023 பிப்ரவரி 2 அன்று அதை ரத்து செய்தார்கள். அதன் விளைவாக 1.63 பதிப்புகள் வேலை செய்யாது, தொடர வேண்டுமானால் பழைய பதிப்புக்கு இறங்குங்கள் என்று சொன்னார்கள். கடைசியாக வந்த பதிப்பை விட்டுவிட்டு அதற்கும் பழையதற்குப் போக வேண்டிய நிலை. யோசித்துப் பாருங்கள், எடிட்டர் என்பது நம்முடைய எல்லா நிரல்களையும், சில நேரம் ரகசியச் சாவிகளையும் திறந்து படிக்கும் ஒரு மென்பொருள், அதில் ஓட்டை வந்தால் அடைக்க ஆளே இல்லை என்ற நிலையில் அதைத் தினமும் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புதிய பேக்கேஜ் நிறுவ முடியாது என்பது வேறு, ஏனென்றால் பேக்கேஜ்களைத் தாங்கியிருந்த சர்வரும் மூடப்பட்டது.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் பல்சர் குழு செய்த வேலையின் அருமை இருக்கிறது. ஃபோர்க் எடுப்பது, அதாவது நிரலை நகலெடுத்துத் தனியாகத் தொடர்வது, பெரிய காரியமே இல்லை, கிட்ஹப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எம்ஐடி லைசென்ஸ் இருப்பதால் யாரும் தடுக்கவும் முடியாது. ஆனால் ஆட்டம் என்றால் வெறும் எடிட்டரா? பல ஆயிரம் பேக்கேஜ்கள், தீம்கள், அவற்றைத் தேடித் தரும் சர்வர், நிறுவும் கட்டளை, எல்லாம் சேர்ந்ததுதான் ஆட்டம். எடிட்டரின் நிரல் திறந்து கிடந்தது, அந்த சர்வரோ நிறுவனத்தின் கையில் இருந்தது. பல்சரைத் தொடங்கிய தன்னார்வலர்கள் செய்த முதல் புத்திசாலித்தனமான காரியம், கதவு சாத்தப்படுவதற்கு முன்பே அந்தப் பேக்கேஜ்களின் விவரங்களை எல்லாம் திரட்டி, சர்வரைப் புதிதாகத் தாங்களே எழுதி நிறுத்தியது. அதைச் செய்யாமல் எடிட்டரை மட்டும் காப்பாற்றியிருந்தால் காலி வீட்டைக் காப்பாற்றிய கதைதான். பெயர் தெரியாத ஆட்கள், சம்பளம் கிடையாது, கையில் இருந்தது சில மாத அவகாசம், அதற்குள் இதைச் செய்து முடித்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு நிறைகிறது.

இப்போது பல்சரைத் திறந்தால் எப்படி இருக்கும்? ஆட்டம்தான். இடது பக்கம் கோப்புகளைக் காட்டும் அதே ட்ரீ வியூ, அதே வண்ணம், கட்டளைகளைத் தட்டித் தேடும் அதே கமாண்ட் பேலட். பழைய ஆட்டம் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டரில் இருந்து கீமேப், ஸ்னிப்பெட் (அடிக்கடி தட்டும் துண்டு நிரல்), ஸ்டைல்ஷீட் (தோற்றத்தை மாற்றுவது), இனிட் ஸ்கிரிப்ட் (எடிட்டர் திறக்கும்போது ஓடுவது) ஆகியவற்றைப் பல்சரின் ஃபோல்டருக்கு நகலெடுத்தால் பெரும்பாலும் அப்படியே வேலை செய்கின்றன. ஃபோல்டரை மொத்தமாகத் தூக்கி வைக்காமல், இந்த நாலையும் மட்டும் கொண்டுவந்து பேக்கேஜ்களைப் புதிதாக நிறுவிக்கொள்வது நல்லது, பழைய எலக்ட்ரானுக்காகத் தொகுக்கப்பட்ட துணுக்குகள் உள்ளே கிடந்து குழப்பும். பேக்கேஜ் நிறுவும் கட்டளை இப்போது பிபிஎம். சர்வரில் இல்லாத பேக்கேஜாக இருந்தால் அதன் கிட் முகவரியைக் கொடுத்தே நிறுவிவிடலாம், இது ரொம்பவும் உபயோகமான வசதி.

உள்ளே என்னென்ன மாறியிருக்கிறது என்பது உடனே கண்ணில் படாது, அதனால்தான் பலர் இவர்கள் பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பயன்பாட்டு விவரங்களைச் சேகரித்து அனுப்பும் பகுதியை நீக்கியிருக்கிறார்கள். ஆட்டம் காஃபிஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதப்பட்ட காலத்து மிச்சங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றி வருகிறார்கள், இது வெளியே காட்டிப் பெருமைப்பட முடியாத, ஆனால் செய்யாமல் விட்டால் புதியவர் யாரும் உள்ளே வர முடியாத வேலை. நிரலுக்கு வண்ணம் தீட்டும் ட்ரீ-சிட்டர் பகுதியை வெப்அசெம்ப்ளி என்ற, எந்தக் கணினியிலும் ஓடும் நிரல் வடிவத்தின் வழியாக ஓடும்படி மாற்றி எழுதியிருக்கிறார்கள், அதனால் புதிய மொழிகளின் இலக்கணத்தைச் சேர்ப்பது சுலபமாகிவிட்டது. தொடக்கத்தில் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று விட்டார்கள், சிறிய குழுவுக்கு அது பெரிய உழைப்பு.

பல்சரின் உண்மையான சந்தோஷம் அதன் இனிட் ஸ்கிரிப்டிலும் ஸ்டைல்ஷீட்டிலும் இருக்கிறது. எடிட்டரின் உள்ளேயே டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, பிடிக்காத பொத்தான் எந்த வகுப்புப் பெயரில் இருக்கிறது என்று பார்த்து, ஸ்டைல்ஷீட்டில் இரண்டு வரி எழுதிச் சேமித்தால் அந்தப் பொத்தான் அந்தக் கணமே மறைகிறது. ஒரு சின்ன ஃபங்ஷனை இனிட் ஸ்கிரிப்டில் எழுதினால் அது ஒரு கட்டளையாகப் பேலட்டில் வந்து உட்காருகிறது, எக்ஸ்டென்ஷன் என்று ஒன்றைத் தனியாகக் கட்டி, பொதிந்து, வெளியிட வேண்டியதில்லை. இதைப் பழகியவர் வேறு எடிட்டருக்குப் போகும்போது என்ன இழக்கிறார் என்று வெளியில் இருந்து பார்ப்பவருக்குப் புரிவது கஷ்டம். எல்லாமே ஒரே மாதிரிதானே, எழுத்தைத் தட்டினால் திரையில் வருகிறது, அதற்கு இவ்வளவு வருத்தமா என்று கேட்பார்கள். கருவியைத் தன் வேலைக்குத் தக்கபடி வளைத்து வளைத்துப் பல வருடம் வைத்திருந்தவரிடம் அப்படிக் கேட்பது நியாயம் இல்லை.

குறைகளுக்கு வருகிறேன், அவை சின்னவை அல்ல.

பெரிய கோப்பைத் திறந்தால் திணறும், இது ஆட்டத்தின் பரம்பரைச் சொத்து, பல்சரிலும் தீரவில்லை. திறக்க எடுக்கும் நேரமும் இன்றைய எடிட்டர்களோடு ஒப்பிட்டால் அதிகம். லேங்குவேஜ் சர்வர் வசதி, அதாவது பெயரை மாற்றினால் எல்லாக் கோப்பிலும் மாறுவது, எங்கே வரையறுத்திருக்கிறது என்று தாவுவது போன்றவை, தானாக வருவதில்லை, மொழிக்கு ஒன்றாகப் பேக்கேஜ் தேடி நிறுவ வேண்டும், கிடைப்பவற்றில் பாதி எழுதியவரால் கைவிடப்பட்டவை. டீபக்கிங், அதாவது நிரலை ஓட்டிப் பிழை தேடுவது, பலவீனம். தூரத்து சர்வரில் இருக்கும் கோப்புகளை நம் கணினியிலேயே இருப்பது போலத் திறந்து வேலை செய்வதில் விஎஸ் கோட் தொட்டிருக்கும் உயரத்தின் பக்கத்தில்கூட இது இல்லை. ஆட்டத்தில் டெலிடைப் என்று ஒன்று இருந்ததே, இரண்டு பேர் ஒரே கோப்பில் சேர்ந்து எழுதுவதற்கு, அது இங்கே கிடையாது.

இதையெல்லாம்விட முக்கியமானது எலக்ட்ரான் பிரச்சினை. பல்சர் நீண்ட காலம் எலக்ட்ரான் 12-இலேயே நின்றது. காரணம் சோம்பல் இல்லை. எலக்ட்ரான் 14-இல், திரைப் பகுதியிலிருந்து முதன்மைப் பகுதியை நேரடியாக அழைக்க உதவிய ரிமோட் மாட்யூலை எடுத்துவிட்டார்கள், பழைய பாணியில் எழுதிய நேட்டிவ் மாட்யூல்களும் (கணினிக்காகவே தொகுக்கப்பட்ட துணுக்குகள்) அதன் பிறகு ஏற்றுக்கொள்ளப்படவில்லை, ஆட்டத்தின் எலும்பும் நரம்பும் இந்த இரண்டின் மேல்தான் கட்டப்பட்டிருந்தன. எலக்ட்ரானே ஆட்டத்துக்காகப் பிறந்தது, கடைசியில் அதன் வேகத்துக்கு ஆட்டத்தின் வாரிசால் ஈடுகொடுக்க முடியவில்லை என்பது வருத்தமான விஷயம். மேலே ஏற்றினால் பழைய பேக்கேஜ்கள் உடையும், ஏற்றாவிட்டால் பாதுகாப்பு கேள்விக்குறி. எந்த ஃபோர்க்கும் இந்த முட்டுச்சந்துக்கு ஒருநாள் வந்தே தீரும். பழையதைக் காப்பாற்றத்தான் வந்தோம், ஆனால் பழையதை உடைக்காமல் அதை உயிரோடு வைத்திருக்க முடியாது. இங்கே எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது: உடையட்டும். பாதுகாப்பு ஓட்டையோடு ஓடும் பேக்கேஜைவிட, உடைந்து போய் யாராவது ஒருவர் எடுத்துச் சரிசெய்யும் பேக்கேஜ் மேல்.

ஆட்டத்தை உருவாக்கியவர்களே என்ன செய்தார்கள் என்று பார்த்தால் அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நேதன் சோபோவும் ட்ரீ-சிட்டரை எழுதிய மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்டும் சேர்ந்து ஸெட் என்ற எடிட்டரைத் தொடங்கினார்கள். ரஸ்ட் மொழியில் எழுதி, திரையை நேரடியாக ஜிபியு (வரைகலைச் சில்லு) வழியாக வரைகிறார்கள், 2024 ஜனவரியில் நிரலைத் திறந்துவிட்டார்கள். வேகம் என்றால் வேகம், தட்டிய எழுத்து விரலுக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஆட்டத்தின் மெதுவால் நொந்து போனவர்களுக்கு ஸெட் சரியான பதில். ஆனால் ஆட்டத்தின் சுதந்திரத்துக்காக ஏங்குபவர்களுக்கு அல்ல, அங்கே ஸ்டைல்ஷீட் எழுதி எடிட்டரின் முகத்தை மாற்ற முடியாது. நடுவில் ட்ரீ-சிட்டர் மட்டும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நியோவிம் எடிட்டரில் இருக்கிறது, இமேக்ஸ் எடிட்டரின் 29-ஆம் பதிப்பில் உள்ளேயே வந்துவிட்டது.

இந்தத் துறையில் இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது, பதில் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருந்தது. மைக்ரோசாஃப்டின் நிரல் எழுதும் கருவியான விஷுவல் பேசிக் 6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் வந்தது, அதன் பின் வந்த டாட்நெட் பதிப்பில் மொழியே மாறிப்போனது, பழைய நிரல் அப்படியே ஓடாது. 2005-இல் மைக்ரோசாஃப்டே சிறப்புப் பட்டம் கொடுத்துக் கௌரவித்த வல்லுநர்கள் உட்படப் பலர் கையெழுத்திட்டு, இதைத் தொடருங்கள் என்று மனு கொடுத்தார்கள். பலன் இல்லை. 2008 ஏப்ரலில் அந்தக் கருவிக்கான ஆதரவு முற்றிலும் முடிந்தது. நிரல் மூடியே இருந்ததால் ஃபோர்க் எடுக்க வழியில்லை. ஆனால் அதில் எழுதப்பட்ட மென்பொருள்கள் ஓடுவதற்கான ரன்டைம் விண்டோஸ் 11 வரைக்கும் வந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் அவ்வளவு அலுவலகங்கள் இன்னும் அதன் மேல் நிற்கின்றன. கருவி போன பிறகும் அதில் எழுதிய நிரலை மக்கள் விடவில்லை. ட்வின்பேசிக் என்று அதோடு ஒத்துப்போகும் புதிய கருவி ஒன்றை இப்போது வேறொருவர் கட்டிக்கொண்டிருக்கிறார், பழைய நிரலைத் திறந்தால் ஓட வேண்டும் என்பதே அதன் இலக்கு.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பிட்கீப்பர் என்ற கருவியின் கதை எதிர்த்திசை. லினக்ஸ் கெர்னல் வேலை 2002 முதல் அதில்தான் நடந்தது, 2005 ஏப்ரலில் இலவச அனுமதி போய்விட்டது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மனு எழுதவில்லை, சில நாட்களில் கிட் என்ற ஒன்றை எழுதித் தன் நிரலைத் தானே சேமிக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஜூன் மாதம் வந்த 2.6.12 கெர்னல் கிட்டில்தான் நிர்வகிக்கப்பட்டது. எல்லோராலும் இது முடியாது, எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. நிறுத்துகிற நிறுவனம் ஒழுங்காக நிறுத்தினாலே போதும், ஃபேஸ்புக் 2016 ஜனவரியில், ஆப்களுக்குப் பின்னணி சர்வராக இருந்த பார்ஸ் சேவையை மூடுவதாகச் சொன்னபோது ஒரு வருட அவகாசமும் கொடுத்து, சர்வர் நிரலையும் திறந்துவிட்டது, ஆப் வைத்திருந்தவர்கள் சொந்த சர்வருக்கு மாறிக்கொள்ள முடிந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டபோது ஆறு மாதம் கிடைத்தது. அது போதவில்லை என்பது என் அபிப்பிராயம், குறிப்பாகப் பேக்கேஜ் சர்வரை யாரிடமாவது முறையாக ஒப்படைத்திருக்கலாம்.

இதே கண்ணோடு இன்றைய விஎஸ் கோடைப் பாருங்கள். அதன் நிரலும் எம்ஐடி லைசென்ஸ்தான், விஎஸ்கோடியம் என்று அதிலிருந்து தனியாகத் தொகுத்துத் தருகிறார்கள். ஆனால் எக்ஸ்டென்ஷன் கடை மைக்ரோசாஃப்டின் தயாரிப்புகளுக்கு மட்டும் என்று விதி. அதனால்தான் எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்று தனிக் கடை நடத்துகிறது. நீங்கள் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதியிருந்தால் அதை அங்கேயும் வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், கொஞ்ச நேர வேலைதான்.

பல்சருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. எடிட்டராக மட்டும் பார்த்தால் மூன்றுதான், அந்த அரை அவர்கள் காப்பாற்றிய பேக்கேஜ் சர்வருக்கு. பெரிய குழுவில், பெரிய திட்டத்தில், லேங்குவேஜ் சர்வர் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது என்ற வேலையில் இருப்பவர்கள் விஎஸ் கோடிலேயே இருங்கள். தனியாக எழுதுபவர்கள், குறிப்பு எழுத, சின்னச் சின்ன ஸ்கிரிப்ட் எழுத, வலைப்பக்கம் கட்ட எடிட்டர் வேண்டும் என்பவர்கள், அதை நோண்டிப் பார்க்கும் ஆசையும் உள்ளவர்கள் ஒரு வாரம் பல்சரை ஓட்டிப் பாருங்கள். பிடித்தால் நன்கொடை திரட்டும் ஓப்பன் கலெக்டிவ் தளம் வழியாகச் சிறு தொகை அனுப்பலாம், சர்வர் செலவு அதில்தான் ஓடுகிறது.

இன்னொரு வேண்டுகோள், ஆட்டத்துக்குப் பேக்கேஜ் எழுதிவிட்டுக் கிளம்பிப் போனவர்களுக்கு. நீங்கள் திரும்பி வர வேண்டாம், அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதும் இல்லை. ஆனால் உங்கள் ரெப்போவின் முகப்பில் இதை யார் வேண்டுமானாலும் எடுத்து நடத்தலாம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், லைசென்ஸ் கோப்பு இல்லையென்றால் ஒன்று சேருங்கள். லைசென்ஸ் இல்லாத காரணத்துக்காகவே யாராலும் தொட முடியாமல் கிடக்கும் நல்ல பேக்கேஜ்கள் இன்னும் இருக்கின்றன.